எத்தனை பேரில் எத்தனை பேர்?

என் மேசைக்கு வரும் மருத்துவச் செய்திகளில் பாதிக்கு மேல் "ஆபத்து இரு மடங்கு", "40% அதிகம்" என்றுதான் தொடங்கும். உடல்நலப் பக்கத்துக்கு வரும் கட்டுரைகளைச் செப்பனிடுவது என் வேலை. அப்படி ஒரு வரியைப் பார்த்தால் ஓரத்தில் "எத்தனை பேரில் எத்தனை பேர்?" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவேன். செய்தியாளர்களுக்கு இதில் எரிச்சல்தான், நியாயமான எரிச்சல். பதில் பெரும்பாலும் செய்திக்குறிப்பில் இருக்காது. மூல ஆய்வைத் திறந்து அட்டவணை அட்டவணையாகத் தேட வேண்டும்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்பவர்களுக்கு 1995-இல் பிரிட்டனில் நடந்ததைச் சொல்வேன். அந்த ஆண்டு அக்டோபரில் அங்குள்ள மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. மூன்றாம் தலைமுறை எனப்படும் புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து இரு மடங்காகிறது என்றார்கள். டாக்டர்களுக்குக் கடிதம் போனது, ஊடகங்களுக்கும் அவசரமாகச் சொல்லப்பட்டது. சொன்னதில் பொய் ஏதுமில்லை. பழைய மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதியதைச் சாப்பிட்ட 7,000 பேரில் இருவருக்கு வந்தது. ஒன்று இரண்டானால் இரு மடங்குதானே! ஆனால் செய்தியைக் கேட்டவர்களிடம் "இரு மடங்கு" போய்ச் சேர்ந்தது, 7,000 போய்ச் சேரவில்லை. பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாக நடந்த கருக்கலைப்புகள் சுமார் 13,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம்.

2015-இல் பதப்படுத்திய இறைச்சிக்கும் இதே கதி. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18% கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சொன்னது. வாழ்நாளில் நூறு பேரில் ஆறு பேருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொண்டால், 18% கூடினால் ஏழு பேர். நூறில் பதினெட்டுப் பேர் இல்லை. போதாக்குறைக்கு, புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் அதைப் புகையிலை இருக்கும் முதல் பிரிவிலேயே சேர்த்தார்கள். உடனே "இறைச்சியும் சிகரெட்டும் ஒன்று" என்று தலைப்புகள் பறந்தன. அந்தப் பிரிவு சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை மட்டும்தான், கெடுதல் எவ்வளவு பெரிது என்பதை அல்ல. நிபுணர்களுக்கு இது அத்துப்படி. படிப்பவருக்கு எப்படித் தெரியும்? முதல் பிரிவு என்றால் படுமோசம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

நல்ல செய்தியும் இப்படிக் கெட்டுப்போகும். 2020-இல் ஃபைசர் கொரோனா தடுப்பூசி 95% பலன் தருகிறது என்றதும், "அப்போ ஊசி போட்ட நூறு பேர்ல அஞ்சு பேருக்கு வந்துடுமா?" என்று படித்தவர்களே கேட்டார்கள். சோதனையில் இருந்தவர்கள் சுமார் 43,000 பேர், அதில் பாதிப் பேருக்குத்தான் உண்மையான ஊசி. கணக்கில் எடுத்த 170 நோயாளிகளில் 162 பேர் மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்கள், 8 பேர் தடுப்பூசி போட்டவர்கள். 162 பேருக்கு வந்த இடத்தில் 8 பேருக்குத்தான் வந்தது, அந்தக் குறைவுதான் 95%. இந்த 162-ஐயும் 8-ஐயும் அருகருகே போட்டிருந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கொள்கை அறிவிப்புகளும் லேசுப்பட்டவை அல்ல. வேலையின்மை 4%-இலிருந்து 6% ஆனால் ஆளுங்கட்சிக்கு அது இரண்டு புள்ளி உயர்வு, எதிர்க்கட்சிக்கு 50% உயர்வு. இரண்டுமே சரி. நான் இரண்டையும் அடித்துவிட்டு, வேலைக்குத் தயாராக இருக்கும் நூறு பேரில் நான்கு பேருக்கு வேலை இல்லாமல் இருந்தது, இப்போது ஆறு பேருக்கு இல்லை என்று மாற்றிவிடுவேன்.

அதற்காக சதவீதத்தை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 7,000-த்தில் ஒருவர்தான் கூடுதல் என்பது மருந்து விற்பவருக்கு ரொம்பப் பிடித்த கணக்கு. அதே மாத்திரையைப் பத்து லட்சம் பேர் சாப்பிட்டால் கூடுதலாக 140-க்கும் மேற்பட்டோருக்கு ரத்தம் உறையும். ஒரு பெண்ணுக்கு அது சின்ன ஆபத்து, ஒரு சுகாதாரத் துறைக்குச் சின்னது அல்ல. ஆகவே அந்தக் குழு எச்சரித்ததில் எனக்குக் குறை இல்லை. யாரிடம் பேசுகிறோமோ அவருக்கு உதவும் கணக்கைச் சொல்ல வேண்டும், அப்புறம் அவர் என்ன செய்யலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

போன வாரம் எங்கள் இளம் செய்தியாளர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். "அக்கா, 'ஏழாயிரத்தில் இருவர்'னு தலைப்பு வெச்சா யார் படிப்பாங்க?" கேள்வி சரிதான். தலைப்பில் "இரு மடங்கு" இருக்கட்டும், ஆனால் முதல் பத்தி முடிவதற்குள் எத்தனை பேரில் எத்தனை பேர் என்பது வந்துவிட வேண்டும் என்று பேசி முடித்தோம். அவர் ஒரு படி மேலே போய், ஒரு ஆளுக்கு ஒரு புள்ளி வைத்து, பாதிக்கப்படுபவர்களைச் சிவப்பில் காட்டும் படம் போடலாம் என்றார். ஆயிரம் புள்ளி வரை அழகாக வந்தது. ஏழாயிரம் என்றதும் பக்க வடிவமைப்பாளர் கைவிரித்துவிட்டார், அச்சில் வெறும் சாம்பல் கட்டமாகத்தான் தெரியுமாம். அரைப் பக்கம் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன். விளம்பரப் பிரிவு இன்னும் பதில் சொல்லவில்லை.