ஏர் ரைஃபிள் பழகிய முதல் எட்டு மாதங்கள்

முதல் குண்டைச் சுட்டதுமே இலக்கு அட்டையை வரவழைக்கும் பொத்தானை அழுத்தப் போனேன். பயிற்சியாளர் என் கையைத் தடுத்துவிட்டார். “இருங்க, பார்க்காதீங்க. முதல்ல சொல்லுங்க, எங்க போச்சு?”

“தெரியலையே மேடம்” என்றேன்.

“சரி, தெரியலைன்னு எழுதிக்குங்க. அப்புறம் பாருங்க.”

அன்று சின்ன நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு குண்டுக்கும் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் எங்கே போயிருக்கும் என்று நான் நினைப்பது, இரண்டாவதில் உண்மையில் எங்கே போனது. கடிகார முகத்தை வைத்து எழுத வேண்டும்: “இரண்டு மணிப் பக்கம், எட்டுப் புள்ளி” என்பது போல. அன்று சுட்ட இருபது குண்டுகளுக்கும் முதல் கட்டத்தில் “தெரியலை” என்றுதான் எழுதினேன். அந்த முதல் கட்டத்தை நிரப்பக் கற்றுக்கொண்டதுதான் இந்த எட்டு மாதக் கதை.

2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றாரே, அதே 10 மீட்டர் ஏர் ரைஃபிள்தான் நான் பழகுவது. அழுத்தப்பட்ட காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளும். இடுப்பு ஒடுங்கி, முகம் தட்டையாக இருக்கும் அந்தக் குண்டைப் பெல்லட் என்பார்கள். தட்டை முகம் என்பதால் காகிதத்தில் கிழிசல் விழாது, பஞ்ச் போட்டதுபோல வட்டமான துளை விழும். இலக்கு அட்டை உள்ளங்கைக்குள் அடங்கும். அதிலுள்ள கருவட்டம் 30.5 மில்லிமீட்டர். நடுவே பத்துப் புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர், அதாவது புத்தகத்தில் அச்சான ஒரு முற்றுப்புள்ளி அளவு. துளையின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து. கணக்குப் பார்த்தால் குண்டின் மையம் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. துப்பாக்கி ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதன் முனை கால் மில்லிமீட்டர் அசைந்தால், பத்து மீட்டர் தள்ளி அது இரண்டரை மில்லிமீட்டர் ஆகிவிடும். இந்தக் கணக்கு புரிந்த அன்றுதான் எனக்கு இந்த விளையாட்டின் மேல் உண்மையான மரியாதை வந்தது.

முதல் நாள் முழுக்கப் பாதுகாப்பு விதிகள்தான். முனை எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். சுடத் தயாராகும்வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே. சுடாத நேரத்தில் குண்டு போடும் அறை திறந்திருக்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு நீளமான இழை குழலுக்குள் நுழைந்து இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். யாராவது “ஸ்டாப்” என்று கத்தினால், அது யாராக இருந்தாலும், பாதி அழுத்திய விரலைக்கூட எடுத்துவிட வேண்டும். பெல்லட் ஈயம் என்பதால், பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. இவற்றில் எதையும் அவர் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

இதற்கு முன்பு வேறோர் இடத்தில் இரண்டு வாரம் பழகியிருந்தேன். அங்கே “இடது கண்ணை மூடிக்கிட்டு சுடுங்க” என்றதோடு சரி. பத்து நிமிடத்தில் முகமெல்லாம் இறுகி, வலது கண்ணிலும் நீர் கட்டிக்கொள்ளும். நமக்கு இது ஒத்துவராது என்று விட்டுவிடும் நிலையில்தான் இங்கே வந்தேன். மேடம் இரண்டு கைகளையும் நீட்டி நடுவில் சின்ன முக்கோண இடைவெளி விடச் சொன்னார். அதன் வழியே, இரண்டு கண்ணும் திறந்தபடி, தூரத்தில் ஒரு பொருளைப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். வலது கண்ணால் மட்டும் பார்த்தபோது பொருள் காணாமல் போனது. எனக்கு வலது கைப்பழக்கம், ஆனால் முந்திக்கொள்வது இடது கண்! ஒரு நிமிடச் சோதனை இது, முதல் நாளே செய்திருக்க வேண்டியது. இப்படி இருப்பவர்கள் இடது தோளுக்கே மாறிக்கொள்வதும் உண்டு. எனக்கு இடது கண்ணுக்கு முன்னால் மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் மங்கலான வெள்ளைப் பட்டை ஒன்றை மாட்டிவிட்டார். கண் திறந்தே இருக்கும், வெளிச்சமும் வரும், இலக்கு மட்டும் தெரியாது. முகம் அன்றே தளர்ந்துவிட்டது. நீங்கள் எங்கே சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் நிற்பது. ஏர் ரைஃபிளில் போட்டி நின்ற நிலையில் மட்டும்தான். படுத்தும் மண்டியிட்டும் சுடுவது 50 மீட்டர் ரைஃபிளுக்கு உரியது. நான்கரை, ஐந்து கிலோ எடையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் மீண்டும் மீண்டும் தூக்கி இறக்க வேண்டும். கைபலத்தால் தூக்கினால் பத்தாவது குண்டுக்கே நடுக்கம் வந்துவிடும். எடையை எலும்பு தாங்க வேண்டும், தசை ஓய்வாக இருக்க வேண்டும். இலக்குக்குப் பக்கவாட்டில் நின்று, இடது இடுப்பைச் சற்று முன்னே தள்ளி, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்ற வேண்டும். உடல்வாகைப் பொறுத்துச் சிலருக்கு அது விலா எலும்பில் அமையும். மேல்முதுகு கொஞ்சம் பின்னால் சாயும். தலை மட்டும் நேராக நிற்க வேண்டும். கன்னத்தைத் தேடித் துப்பாக்கி வர வேண்டுமே தவிர, துப்பாக்கியைத் தேடிக் கழுத்து வளையக் கூடாது. இரண்டு மாதம் குண்டுகளை எண்ணிப் பார்த்தால் மிகக் குறைவுதான். பெரும்பாலும் வெள்ளை அட்டையை நோக்கித் தூக்குவது, அரை நிமிடம் பிடிப்பது, இறக்குவது.

இதில் எனக்குப் பெரிய திறப்பாக அமைந்தது ஒரு சிறு பயிற்சி. இலக்கை நோக்கித் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும். இரண்டு முறை மூச்சு விட்டு, உடம்பைத் தளர்த்தி, கண்ணைத் திறக்க வேண்டும். நான் திறந்தபோது குறி பக்கத்து இலக்கின் ஓரத்தில் நின்றது. என் உடம்பு இயல்பாகப் பார்த்த திசை அதுதான். இத்தனை நாளும் கையால் இழுத்து இழுத்துச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து சுட்டிருக்கிறேன். ட்ரிக்கர் விழும் கணத்தில் தசை தளர்ந்ததும் துப்பாக்கி தன் இடத்துக்கே ஓடியிருக்கிறது. “கையைத் தொடாதீங்க, காலை நகர்த்துங்க” என்றார் மேடம். பின்னங்காலை ஒரு விரற்கடை நகர்த்தினேன். மறுபடி கண்ணை மூடித் திறந்தேன். கருவட்டம் நடுவில் இருந்தது. அன்று மாலை நோட்டின் முதல் கட்டத்தில் முதன்முறையாக ஏதோ எழுத முடிந்தது.

குறி பார்ப்பது நான் நினைத்ததைவிட எளிது. பின்னால் ஊசித்துளை போன்ற ஒரு துளை, முன்னால் ஒரு வளையம். பின் துளைக்கு நடுவே முன் வளையம், அதற்கு நடுவே கருவட்டம், சுற்றிலும் சீரான வெள்ளை. அந்தப் பத்துப் புள்ளி கண்ணுக்கே தெரியாது, தேடவும் தேவையில்லை. வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று சரியாக உட்கார்ந்தால் போதும். அவை அசையாமல் நிற்காது என்பதுதான் ஏற்றுக்கொள்ளக் கடினம். இதயம் துடிக்கும், மூச்சு தள்ளும், வட்டம் மிதந்துகொண்டே இருக்கும். பாதி மூச்சை விட்டு நிறுத்தியபின் ஏழெட்டு விநாடிதான் நல்ல நேரம். அதற்குமேல் கண் ஏமாற்றத் தொடங்கும். பத்து விநாடி தாண்டினால் இறக்கிவிட வேண்டும். சுடாமல் இறக்குவதற்கு எனக்குப் பல வாரம் பிடித்தது. ஏதோ தோற்றுப்போனது போல மனசு அடம்பிடிக்கும்.

ட்ரிக்கரோ நூறு கிராம் அளவு அழுத்தத்துக்கே விழுந்துவிடும். முதலில் கொஞ்சம் தளர்வாக வரும், பிறகு ஒரு சிறு தடுப்பு தட்டுப்படும், அதன்பின் தொட்டால் போதும். இந்த விரலின் அருமைக்கு மேடம் சொன்ன உதாரணம் அமெரிக்க வீரர் மேத்யூ எம்மன்ஸ். 2008 ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியின் கடைசிக் குண்டில், அவருக்கு ஏழு புள்ளி எடுத்திருந்தாலே தங்கம். தயாராவதற்குள் விரல் பட்டுவிட்டது. விழுந்தது 4.4. நான்காம் இடம்.

குண்டு குழலை விட்டுக் கிளம்பி அட்டையைத் தொடுவதற்குள் நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம்தான். நமக்குச் சத்தம் கேட்டதும் வேலை முடிந்ததாகத் தோன்றும், தலையைத் தூக்குவோம். அந்தப் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து, சுடும் கணத்துக்குள்ளேயே புகுந்துவிடும். அதனால் சுட்டபிறகும் இரண்டு விநாடி குறி பார்த்தபடியே நிற்க வேண்டும். அந்த இரண்டு விநாடியில்தான் முதல் கட்டத்துக்கான பதில் கிடைக்கிறது. ட்ரிக்கர் விழுந்தபோது வளையத்துக்குள் கருவட்டம் எந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தது என்ற படம், ஓடிவந்து பார்க்காமல் அங்கேயே நின்றால் கண்ணில் தங்கும். குண்டு இல்லாமல் ட்ரிக்கரை மட்டும் அழுத்திப் பழகும் பயிற்சி இதற்கு மிகவும் உதவியது. மிஞ்சுவது அந்தப் படம் ஒன்றுதான், அட்டையே கிடையாது.

முதல் கட்டம் நிரம்பத் தொடங்கியதும் இன்னொரு தவறும் தெரிந்தது. ஒரு குண்டு வலப்புறம் போனால் உடனே சைட்டின், அதாவது குறி பார்க்கும் அந்தத் துளையின், திருகை இரண்டு கிளிக் திருப்புவேன், அடுத்தது இடப்புறம் போகும், மறுபடி திருப்புவேன். நோட்டில் பார்த்தால் வலப்புறம் போன குண்டை நானே “வலப்புறம்” என்று சொல்லியிருந்தேன். தவறு என்னுடையது, திருகு என்ன செய்யும்? ஐந்து குண்டு கொத்தாக ஓரிடத்தில் விழுந்து, அந்தக் கொத்து நடுவைவிட்டுத் தள்ளியிருந்தால் மட்டும் திருகைத் தொடுவது என்று முடிவு செய்தேன்.

பொருள் வாங்குவது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். முதல் ஆறு மாதம் துப்பாக்கி வாங்காதீர்கள், கிளப்பில் இருப்பதே போதும். சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும், கிளப் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு யோசிக்கலாம். முதலில் கையுறை, அடுத்து தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ. கேன்வாஸும் தோலும் வைத்துத் தைத்த விறைப்பான ஜாக்கெட் முதுகுக்குத் துணை. அதை உடம்புக்கு அளவெடுத்து வாங்க வேண்டும், கடன் வாங்கியது பாதிப் பயன்தான். பழைய ஏர் ரைஃபிள் வாங்குகிறவர்கள் காற்று சிலிண்டரில் பொறித்த தேதியை அவசியம் பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் போட்டியில் அனுமதி கிடையாது, 200 பார் அழுத்தம் ஏற்றுவது ஆபத்தும்கூட.

எட்டாவது மாதம் கிளப்புக்குள் ஒரு போட்டி, நாற்பது குண்டு, காகித அட்டை. முந்தைய நாள் மேடம் ஒன்றுதான் சொன்னார்: “ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் உங்க நம்பரைப் பாருங்க.” அதற்கும் எம்மன்ஸ்தான் காரணம். 2004 ஏதென்ஸில், தங்கம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தபோது, இரண்டாம் தடத்தில் நின்றவர் கடைசிக் குண்டை மூன்றாம் தடத்து இலக்கில் சுட்டுவிட்டார். பூஜ்யம். எட்டாம் இடம். அவ்வளவு பெரிய வீரருக்கே அது நடந்திருக்கிறது என்றால் நான் எம்மாத்திரம். நாற்பது முறையும் நம்பரைப் பார்த்தேன்.

முதல் பத்துக் குண்டுக்கு நெஞ்சு துடிப்பது வளையத்துக்குள் தெரிந்தது. மூன்று முறை தூக்கிவிட்டுச் சுடாமல் இறக்கினேன், அடம்பிடிக்காமல். நடுவில் ஆறு குண்டு தொடர்ந்து ஒன்பதும் பத்துமாக வந்தபோது கை குளிர்ந்துபோனது. அதற்கு அடுத்தது ஏழு. ஆனால் அட்டை வருவதற்கு முன்பே “ஏழு, ஐந்து மணிப் பக்கம்” என்று நோட்டில் எழுதியிருந்தேன்.

மொத்தம் 400க்கு 341. அட்டைகளை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். அவர் அவற்றை மேசையில் வைத்துவிட்டு, “நோட்டு எங்க?” என்று கை நீட்டினார். இரண்டு கட்டங்களையும் பென்சிலால் வரிவரியாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். நாற்பதில் இருபத்தொன்பது பொருந்தியிருந்தன. அதன்பிறகுதான் அட்டைக் கட்டைப் பிரித்தார்.