உணவுத் துறையின் புதுமைக்குத் திசை காட்டுவது யார்?

உணவுத் துறையில் புதுமை என்று பேச்செடுத்தால், ஆய்வகத்தில் வளர்க்கும் இறைச்சி, அடுக்கடுக்காகப் பயிரிடும் உள்ளரங்கப் பண்ணை, வயலைக் கண்காணிக்கும் ட்ரோன் என்று பேச்சு கருவிகளைச் சுற்றியே நின்றுவிடுகிறது. அவற்றில் எதையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், உணவு அறிவியலில் திறமைக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை என்றே நான் கருதுகிறேன். மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும், மலிவான, ஒன்றைத் தின்றால் இன்னொன்றைக் கேட்க வைக்கும் பண்டங்களை உருவாக்குவதற்கு எத்தனை வேதியியல், எத்தனை பொறியியல், எத்தனை சுவைச் சோதனைகள் செலவிடப்பட்டிருக்கின்றன! அந்த அறிவை உடல்நலத்தின் பக்கமும் மண், நீர், காற்றின் பக்கமும் திருப்புவது எது என்பதே நாம் விடை தேட வேண்டிய கேள்வி.

டிரான்ஸ் கொழுப்பின் வரலாறு இதற்கு நல்ல சான்று. எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டிக் கொழுப்பாக்கும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய கண்டுபிடிப்பாகவே வரவேற்கப்பட்டது. அந்த மாற்றத்தைப் பாதியில் நிறுத்தும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்டிராலை உயர்த்தி நல்ல கொலஸ்டிராலைக் குறைக்கிறது என்பதை 1990களின் ஆய்வுகள் தெளிவாக்கின. 2003இல் டென்மார்க், தொழிற்சாலையில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு ஒரு பண்டத்தின் மொத்தக் கொழுப்பில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதித்தது. அதனால் பிஸ்கட்டும் கேக்கும் கடைகளிலிருந்து மறைந்துவிடவில்லை. செய்பவர்கள் வேறு கொழுப்புகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். 2018இல் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளும் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பை ஒழிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. மாற்று வழி கண்டுபிடிக்கும் ஆற்றல் தொழிற்சாலைகளிடம் முன்பே இருந்தது என்பதும், அதைத் தேட வேண்டிய கட்டாயத்தைச் சட்டமே உண்டாக்கியது என்பதும் என் வாசிப்பு.

இதைவிடக் கூர்மையான பாடம் பிரிட்டனில் கிடைக்கிறது. அங்கு 2016இல் குளிர்பானங்களுக்கான சர்க்கரை வரி அறிவிக்கப்பட்டு 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரி இல்லை; 5 முதல் 8 கிராம் வரை ஒரு வீதம்; அதற்கு மேல் கூடுதல் வீதம். இந்தப் படிகளில்தான் சூட்சுமம் இருக்கிறது. வரி தயாரிப்பாளர் மீது விழுகிறது, சர்க்கரையைக் குறைத்தால் விலகிவிடுகிறது, மாற்றிக்கொள்ள 2 ஆண்டு அவகாசமும் இருந்தது. ஆகவே நிறுவனங்கள் வரி தொடங்கும் நாளுக்கு முன்பே தங்கள் கலவைகளை மாற்றத் தொடங்கிவிட்டன. 2015க்கும் 2019க்கும் இடையில், வரிக்கு உட்பட்ட பானங்களின் சராசரிச் சர்க்கரை அளவு 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அதே நாட்டில், அதே காலத்தில், கேக், பிஸ்கட், இனிப்புத் தானிய உணவு போன்றவற்றுக்கு 20 சதவீதக் குறைப்பு என்னும் இலக்கு வைக்கப்பட்டது. ஆனால் அது நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. 2020 வரை கிடைத்தது 3.5 சதவீதம் மட்டுமே. திடப் பண்டங்களில் சர்க்கரை பருமனையும் மொறுமொறுப்பையும் தருவதால் அதை நீக்குவது பானத்தைவிடக் கடினம் என்பது உண்மைதான். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னும், இவ்வளவு பெரிய இடைவெளிக்கு அது ஒன்றே காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

வரியும் தடையும் மட்டுமே வழி என்று நான் சொல்லவில்லை. அரசே பெரிய வாங்குபவர். பிரேசில் 2009இல் இயற்றிய சட்டம், பள்ளி உணவுக்காக மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் கொள்முதல் செய்யச் செலவிட வேண்டும் என்றது. விற்பனை உறுதி என்று தெரிந்த பிறகுதான் ஒரு சிறு விவசாயி ஒற்றைப் பயிரை விட்டுக் காய்கறிக்கும் பழத்துக்கும் துணிந்து மாற முடியும்.

கண்டுபிடிப்பு என்பது பாதி வேலைதான் என்பதை எனக்கு உணர்த்தியது ஆப்பிரிக்காவின் ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அங்கு வழக்கத்தில் இருந்த வெள்ளை நிற ரகங்களில் பீட்டா கரோட்டின் மிகக் குறைவு. ஆரஞ்சு ரகத்தில் அது மிகுதி, உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. வைட்டமின் ஏ குறைபாடு குழந்தைகளின் பார்வையையும் நோய் எதிர்ப்பு ஆற்றலையும் பறிக்கும் நிலையில், இதைவிட எளிய தீர்வு கிடையாது என்று தோன்றும். ஆனால் தொடக்ககால ரகங்கள் வெந்ததும் நீர்த்துக் குழைந்தன. மாவுத்தன்மையை விரும்பும் பெரியவர்களுக்கு அவை பிடிக்கவில்லை. விதைக்குப் பதில் கொடித்துண்டை நடும் பயிர் என்பதால், வறண்ட மாதங்களில் கொடி காய்ந்துவிட்டால் அடுத்த நடவுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே சுவைக்காகவும் வறட்சி தாங்குவதற்காகவும் உள்ளூரிலேயே புதிய ரகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கொடிகளைக் காத்துப் பெருக்கித் தரும் விவசாயிகளை ஊர்தோறும் உருவாக்கினார்கள். தாய்மார்களிடம் குழந்தை உணவைப் பற்றிப் பேசினார்கள். வண்டிகளுக்குக்கூட ஆரஞ்சு வண்ணம் பூசினார்கள். இந்தப் பணிக்காக மரியா அந்த்ராதே, ராபர்ட் முவாங்கா, ஜேன் லோ ஆகியோருக்கும், பயிர்களிலேயே சத்தைக் கூட்டும் முயற்சியை முன்னெடுத்த ஹோவர்த் பூயிசுக்கும் 2016இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. கொடி காக்கும் ஏற்பாட்டையும் நான் புதுமை என்றே எண்ணுகிறேன். நிதி கேட்கும் விண்ணப்பங்களில் அதற்குரிய இடம் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

ஆராய்ச்சிப் பணம் போகும் இடத்தையும் பார்க்க வேண்டும். உணவுக்காகப் பயிரிடப்படும் தாவர இனங்கள் ஏறக்குறைய 6,000. அவற்றில் வெறும் 9 பயிர்களே உலகின் மொத்தப் பயிர் விளைச்சலில் 66 சதவீதத்தைத் தருகின்றன என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2019இல் கணக்கிட்டது. பருப்பு வகைகள் காற்றின் நைட்ரஜனை வேர் முடிச்சுகளின் வழியே மண்ணுக்குத் தருபவை, புரதமும் நார்ச்சத்தும் நிறைந்தவை. ஆயினும் மக்காச்சோளத்துக்கும் கோதுமைக்கும் கிடைத்த ஆராய்ச்சிக் கவனம் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. உலக நாடுகள் வேளாண் உற்பத்தியாளர்களுக்கு ஆண்டுதோறும் தரும் ஏறத்தாழ 54,000 கோடி டாலர் ஆதரவில் 87 சதவீதம் விலைகளைத் திரிப்பதாகவோ சுற்றுச்சூழலுக்கும் சமுதாயத்துக்கும் கேடு விளைவிப்பதாகவோ இருக்கிறது என்று ஐ.நா. அமைப்புகளின் 2021ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. புதிய நிதி தேடுவதற்கு முன் இந்தப் பணத்தின் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டாலே போதும் என்பேன்.

நல்ல உணவு விலை உயர்ந்ததாக இருக்கும்வரை, புதுமையின் பயன் வசதி படைத்தவர்களோடு நின்றுவிடும். 2022ஆம் ஆண்டு நிலவரப்படி, 280 கோடிக்கும் மேற்பட்ட மக்களால் ஆரோக்கியமான உணவை விலை கொடுத்து வாங்க முடியவில்லை. இவர்களுக்குத் தனி அங்காடியும் புதிய சிப்பமும் உதவாது. அன்றாடம் வாங்கும் பண்டமே மாற வேண்டும். தென்னாப்பிரிக்கா 2016 முதல் ரொட்டி முதலிய பல பண்டங்களில் சோடியத்துக்குச் சட்டப்படி உச்ச அளவு விதித்திருக்கிறது. ரொட்டி வாங்குபவர் அட்டையின் பொடி எழுத்துகளைப் படிக்க வேண்டியதில்லை, தனி வகை ஒன்றைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. உப்பைக் குறைத்தும் சுவையும் பதமும் கெடாமல் மாவைப் பிசையும் வழியை ரொட்டி செய்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.