அகலம் மேலிருந்து, உயரம் கீழிருந்து

காரைக்குடியில் கல்லூரிக் கடைசி வருடம். பிரவுசர் ஒரு பக்கத்தை எப்படி அடுக்குகிறது என்று பார்க்கும் ஆசையில் நேரே குரோமியத்தில் (குரோம் பிரவுசருக்கு அடிப்படையான திறந்த நிரல்) கை வைத்தேன். அதை பில்ட் செய்யக் குறைந்தது 8 ஜிபி ரேமும் 100 ஜிபி காலி இடமும் வேண்டுமாம். என் லேப்டாப்பில் 4 ஜிபி. இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. நீங்கள் அங்கே ஆரம்பிக்காதீர்கள்.

கை கொடுத்தது ராபின்சன். மேட் புரூபெக் 2014-இல், சொல்லிக்கொடுப்பதற்காகவே ரஸ்ட் மொழியில் எழுதிய குட்டி பிரவுசர் என்ஜின், அதாவது பக்கத்தைத் திரையில் வரையும் பகுதி. எச்டிஎம்எல்லை (பக்கத்தின் உள்ளடக்கம்) மரமாக்குவது, சிஎஸ்எஸ்ஸை (தோற்ற விதிகள்) பொருத்துவது இரண்டையும் வேகமாகக் கடந்துவிடலாம். எது எங்கே, எந்த அளவில் என்று கணக்கிடும் லேஅவுட் கோப்பில்தான் உட்கார வேண்டும்.

நான் அங்கேதான் மாட்டினேன். பக்கத்தில் ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. அதற்கு அகலத்தை முதலில் கணக்கிட்டு, பிறகு உள்ளே இருக்கும் பிள்ளைப் பெட்டிகளை அடுக்கி, கடைசியில் உயரத்துக்கு வருகிறது. ஏன் இந்த வரிசை? அப்பத்தா வீட்டுக் கல்யாணத்தில் சாமான் பரப்பியபோதுதான் பிடிபட்டது. பட்டாலையின் (வீட்டின் பெரிய கூடம்) அகலம் வீடு கட்டிய அன்றே முடிவானது. எவர்சில்வர், பித்தளை எல்லாம் வரிசை வரிசையாக வைத்து முடித்த பிறகே எவ்வளவு தூரம் நீண்டது என்று தெரியும். அகலம் தாய்ப்பெட்டி கொடுப்பது, உயரம் பிள்ளைகள் கொடுப்பது. (உயரத்துக்குச் சதவீதம் போட்டால் பல நேரம் வேலை செய்யாததும் இதனால்தான்.)

ராபின்சனில் மார்ஜின் (பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளி) ஒன்றுக்குள் ஒன்று மடங்குவது கிடையாது. அதை நீங்களே எழுதிப் பாருங்கள். மேல் பெட்டியின் அடியில் 20, கீழ்ப் பெட்டியின் தலையில் 30 பிக்சல் என்றால் இடைவெளி 50 அல்ல, 30. இது ஒரு சாயங்கால வேலை. தாய்க்கும் முதல் பிள்ளைக்கும் நடுவில் மடங்குவதும், ஒரு பார்டரோ (விளிம்புக் கோடு) பேடிங்கோ (உள் இடைவெளி) வந்தால் அது நின்றுபோவதும் என் இரண்டு வாரத்தைத் தின்றன. பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும் இல்லாமல் முடியாது.

அப்புறம் சர்வோ, ரஸ்டிலேயே எழுதிய முழு பிரவுசர் என்ஜின். 2012-இல் மொசில்லா தொடங்கியது, இப்போது லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஐரோப்பாவின் கீழ் நடக்கிறது. நிரலை விடுங்கள், முதலில் டெஸ்ட்களைப் படியுங்கள். எல்லா பிரவுசருக்கும் பொதுவான வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்களில் பல, இரண்டு பக்கங்களை வரைந்து படம் ஒன்றாக வருகிறதா என்றுதான் பார்க்கின்றன. விதி எழுத்தில் புரியாதது அதில் புரியும்.

நம் மொழியை வைத்தும் சோதியுங்கள். குறுகின பெட்டியில் ‘கொண்டுவந்திருக்கிறார்கள்’ என்று போட்டால் வார்த்தை உடையாமல் வெளியே நீட்டும். அகலத்தை ‘மின்-கன்டென்ட்’ (min-content) என்று மாற்றினால் பெட்டி அந்த வார்த்தை அளவுக்கு விரியும். நான் சர்வோவுக்கு முதலில் அனுப்பிய திருத்தம் டெஸ்ட் சேர்க்காததால் திரும்பி வந்தது. இந்த வார்த்தையை வைத்தே டெஸ்ட் எழுதி மறுபடி அனுப்பினேன்.