எலாஸ்டேஸ் டெஸ்டிலிருந்து என்சைம் கேப்சூல் வரை: எங்கெல்லாம் சறுக்குகிறது

"அமைலேஸ் நார்மல், கணையத்தில் ஒன்றுமில்லை." இந்த ஒற்றை வரி ரிப்போர்ட்டோடு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்! வந்தவருக்கோ மலத்தில் எண்ணெய் மிதக்கிறது, தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானை விட்டுப் போவதில்லை, நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குகிறது.

ரத்தத்தில் பார்க்கும் அமைலேஸும் லைபேஸும் (மாவுச்சத்தையும் கொழுப்பையும் செரிக்கும் கணைய என்சைம்கள்) கணையம் புண்பட்டு ரத்தத்துக்குள் கசிந்ததைச் சொல்பவை. திடீர் கணைய அழற்சியில் மேல்வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஏறும், அதற்கு உதவும். குடலுக்குள் எவ்வளவு சுரக்கிறது என்பதை அவை சொல்லாது. வருஷக்கணக்கில் சுருங்கிப்போன கணையத்தில் கசியவே சரக்கு இருக்காது. ரிப்போர்ட் நார்மலாகத்தான் வரும். கேட்க வேண்டியது மல எலாஸ்டேஸ்: கணையம் குடலுக்குள் சுரக்கும் ஒரு என்சைம் மலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் டெஸ்ட்.

அதிலும் ஒரு பொறி. சாம்பிள் தண்ணியாகப் போனதாக இருந்தால் எலாஸ்டேஸ் நீர்த்துப்போய், கணையம் நன்றாக இருந்தாலும் அளவு குறைவாகக் காட்டும். வயிற்றுப்போக்கு சற்று கட்டுப்பட்டதும் கெட்டியான சாம்பிள் கொடுங்கள். ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. 100-க்குக் கீழே என்றால் என்சைம் பற்றாக்குறை தீவிரம். இடைப்பட்டதுதான் தலைவலி, அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. ஏற்கெனவே அந்தக் குறையை ஈடுகட்டும் என்சைம் கேப்சூல் எடுப்பவரை "நிறுத்திவிட்டு அடுத்த வாரம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால் அது வெட்டி அலைச்சல். கேப்சூலில் இருப்பது பன்றிக் கணையத்தின் என்சைம். இந்த டெஸ்டில் வழக்கமாகத் தேடுவது மனித எலாஸ்டேஸை மட்டும். நிறுத்த வேண்டியது, தினம் 100 கிராம் கொழுப்பு சாப்பிட்டு மூன்று நாள் மலத்தையும் சேர்த்துக் கொடுக்கும் கொழுப்பு டெஸ்டுக்குத்தான்.

குறைவு என்று வந்துவிட்டது. உடனே பழி கணையத்தின் மேல்தானா? அவசரப்படாதீர்கள். கணையச் செல்கள் என்சைமை முன்கூட்டியே செய்து, சின்னச் சின்னப் பைகளில் கட்டி வைத்திருக்கின்றன. ஆர்டர் வந்தால்தான் வெளியே விடும். உணவைப் பார்த்தும் மணந்தும் வருகிற நரம்புத் தூண்டல் கொஞ்சம். பெரிய ஆர்டர் வருவது முன்சிறுகுடலின் உள்சுவரிலிருந்து: கொழுப்பும் புரதத் துணுக்குகளும் வந்து சேர்ந்தால் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன், அமிலம் வந்து pH (இது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) சுமார் 4.5-க்குக் கீழே போனால் செக்ரட்டின் என்ற ஹார்மோன். முன்னது என்சைமை வெளியேற்றும், பின்னது அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டை. பேய்லிஸ், ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் ஆய்வாளர்கள் 1902-இல் கண்டுபிடித்த அதே செக்ரட்டின்தான். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயில் இந்தச் சுவரே சேதமாகிறது. கணையம் தயாராக இருந்தும் ஆர்டர் சரியாகப் போய்ச் சேராததால் எலாஸ்டேஸ் இறங்கலாம். குளூட்டனை நிறுத்திச் சுவர் ஆறினால் மறுபடி ஏறும். ஆகவே சீலியாக் ஆன்டிபாடி டெஸ்டையும் கூடவே எடுத்துவிடுங்கள். அதற்கு முன் குளூட்டனை நிறுத்திவிட்டால் அந்த ரிப்போர்ட்டையும் நம்ப முடியாது.

"கேப்சூல் எடுத்தால் கணையம் சோம்பேறியாகிவிடுமே" என்ற பயம் முழுக்க மூடநம்பிக்கை அல்ல. குடலில் ட்ரிப்சின் (புரதத்தைச் செரிக்கும் கணைய என்சைம்) மிஞ்சிக் கிடந்தால், ஆர்டரைத் தூண்டும் ஒரு சிறு புரதத்தை அதுவே துண்டாக்கிச் சுரப்பைக் குறைக்கும். உணவுப் புரதம் வந்து ட்ரிப்சினுக்கு வேலை கிடைத்தால் அந்தச் சிறு புரதம் தப்பிக்கும், ஆர்டர் கூடும். எலிகளில் இது பளிச்சென்று தெரியும்: ட்ரிப்சினை முடக்கும் பச்சை சோயா மாவைக் கொடுத்தால் கணையமே வீங்கிப் பெரிதாகிறது. ஆனால் லைபேஸ் சுரப்பு பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போன பிறகுதான் மலத்தில் கொழுப்பு மிதக்கும். அந்த நிலையில் மிச்சத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கேப்சூலைத் தவிர்ப்பதில் அர்த்தமில்லை.

கேப்சூலில் நடக்கும் பெரிய தப்பு, சீட்டில் எழுதும் "சாப்பாட்டுக்கு முன்" என்ற குறிப்பு. அரை மணி முன்பே வெறும் வயிற்றில் போட்டால் மருந்து ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம். முதல் வாயோடு போடுங்கள். சாப்பாடு நீண்டால் பாதியை நடுவில் போடுங்கள். உடம்பும் சாப்பாட்டைத் தொடர்ந்து மணிக்கணக்கில் விட்டுவிட்டுத்தான் சுரக்கிறது. பெரியவர்களுக்கு வழக்கமான ஆரம்ப அளவு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 லைபேஸ் யூனிட், நொறுக்குத் தீனிக்கு அதில் பாதி.

ஒன்றைத் திறந்து பாருங்கள்: கடுகு போன்ற மணிகள். ஒவ்வொன்றின் மேலும் உள்ள பூச்சு pH 5.5-க்கு மேல்தான் கரையும். பொடித்தால் வயிற்று அமிலம் லைபேஸைக் கொன்றுவிடும். சூடான எதிலும் போடக் கூடாது. பாலில் போட்டால் பூச்சு டம்ளரிலேயே கரைந்துவிடும். விழுங்க முடியாதவர்கள் புளிப்பான பழக்கூழில் கலந்து, மெல்லாமல் விழுங்கி, தண்ணீர் குடித்து வாயைக் கழுவுங்கள். மணி தங்கினால் வாய் புண்ணாகும்.

ஒழுங்காகப் போட்டும் எண்ணெய் மிதப்பது நிற்கவில்லையா? அளவை ஏற்றிக்கொண்டே போகாமல், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கணையம் கெட்டவருக்குப் பைகார்பனேட்டும் குறைவு. முன்சிறுகுடல் புளிப்பாகவே இருந்தால் பூச்சு கரைவதற்குள் சாப்பாடு தாண்டிப் போய்விடும். நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 10,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் உண்டு. அப்படியே ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் பார்த்துவிடுங்கள். மலம் சரியான பிறகும் அவை குறைவாகவே கிடக்கலாம்.