குழாய்க்குள் ஒரு வயிறு: தீவனப்புல்லின் செரிமானத்தை அளந்த அனுபவம்

ஒரே புல்லை மூன்று பருவத்தில் அறுத்து, ஆட்டுக்கு எது எவ்வளவு செரிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எனக்குக் கிடைத்த வேலை. இளசு, பூக்கும் முன், பூத்து முற்றியது. முற்ற முற்ற, தண்டை மரம்போல் கடினமாக்கும் லிக்னின் ஏறி நார்ச்சத்தைக் கட்டிப்போடுகிறது, அதனால் செரிமானம் குறைகிறது என்பது படித்த விஷயம். அதை எண்ணாக எடுத்துக் காட்டுவதற்குள் பட்ட பாடு வேறு.

1963-இல் டில்லி, டெர்ரி என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட இருகட்ட முறையைத்தான் முதலில் எடுத்தேன். உலர்த்தி, 1 மி.மீ. சல்லடையில் அரைத்த புல் அரை கிராம், ஒரு சோதனைக் குழாயில். அதனுடன் செயற்கை உமிழ்நீரும், விலாவில் துளையிட்டு மூடி பொருத்திய ஆட்டின் முதல் இரைப்பையான பெருவயிற்றிலிருந்து எடுத்த சாறும். 48 மணி நேரம் சுமார் 38 டிகிரியில் நுண்ணுயிரிகள் நாரைத் தின்னும். அடுத்த 48 மணி நேரம் அமிலமும், புரதத்தைச் செரிக்கும் பெப்சினும் நான்காம் இரைப்பையின் வேலையைச் செய்யும். மிஞ்சிய சக்கையை வடிகட்டி, உலர்த்தி, எடை போட வேண்டும்.

முதல் தொகுதி முழுவதும் வீணானது. மூன்று பருவத்துக்கும் எண்கள் மிகக் குறைவு, அதுவும் ஏறக்குறைய ஒரே அளவு. புல்லே அப்படித்தான் போலிருக்கிறது என்று எழுதிவிட இருந்தேன். தடுத்தது ஒரு குழாய்தான். செரிமானம் ஏற்கெனவே ஆட்டில் அளக்கப்பட்ட உலர்புல்லை ஒவ்வொரு தொகுதியிலும் ஒப்பீட்டுக்காகச் சேர்ப்போம். அதன் எண்ணும் சரிந்து கிடந்தது. அப்படியானால் கோளாறு புல்லில் இல்லை, சாற்றில்.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. குளிர்ந்த பிளாஸ்கில் சாற்றை ஊற்றியிருந்தேன். வடிகட்டும்போது திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் வைத்திருந்தேன். அந்த நுண்ணுயிரிகளில் பெரும்பாலானவை ஆக்சிஜன் பட்டாலே சாகும். அதை வெறும் கரைசல்போலக் கையாண்டது என் தவறு, இன்றும் உறுத்துகிறது. அவை உயிர்கள், அவைதான் என் அளவுகோல். அடுத்த முறை பிளாஸ்கை முன்கூட்டியே வெந்நீரால் சூடாக்கி, கழுத்துவரை சாற்றை நிரப்பி, வெதுவெதுப்பான துணியில் வடித்து, கார்பன்-டை-ஆக்சைடை ஓடவிட்டபடியே குழாய்களில் பங்கிட்டேன். சாறு கொடுக்கும் ஆட்டுக்கும் எப்போதும் ஒரே தீவனம், சாற்றை எடுப்பது தீவனத்துக்கு முன், தினமும் அதே நேரம்.

புல்லே போடாத வெற்றுக் குழாய்களையும் மறக்கக் கூடாது. சாற்றிலேயே பழைய தீவனத் துகளும் நுண்ணுயிரிகளும் இருக்கும். அந்த எடையைக் கழிக்காவிட்டால் செரித்ததும் செரிக்காததாகத் தெரியும்.

ஒப்பீட்டுப் புல் தன் இடத்துக்கு வந்த பிறகே என் எண்களை நம்பினேன். இளசுக்கும் முற்றியதற்கும் இடைவெளி பளிச்சென்று தெரிந்தது.

பிறகு உண்மையான ஆடுகள். கூண்டில் 10 நாளுக்கு மேல் பழக்கி, 7 நாள் தின்றதையும் மீதி வைத்ததையும் போட்ட புழுக்கையையும் எடை பார்த்தேன். கிடாய்களை எடுத்தது புழுக்கையில் சிறுநீர் கலக்காமல் பிரிக்க. 1000 கிராம் உலர்பொருள் தின்று 400 கிராம் புழுக்கையாக வந்தால் செரிமானம் 60 சதவீதம், கணக்கு அவ்வளவே. ஆனால் ஆடு இலையைத் தின்று தண்டை ஒதுக்கும். அந்த மீதியைத் தனியாகப் பகுப்பாய்வு செய்யாவிட்டால் என்ன தின்றது என்பதே தெரியாது. அதோடு, புழுக்கையில் குடலின் கழிவும் நுண்ணுயிர்களும் சேர்ந்திருக்கும். ஆகவே இந்த 60 தோற்றச் செரிமானம் மட்டுமே, உண்மையான செரிமானம் அதைவிட அதிகம்.

குழாயின் எண்ணும் ஆட்டின் எண்ணும் அச்சாகப் பொருந்தவில்லை. வரிசை மட்டும் பொருந்தியது: இளசு, பூக்கும் முன், முற்றியது. முற்றிய புல்லின் தண்டுகளை அந்த 7 நாளும் தொட்டியிலிருந்து நானே பொறுக்கி எடை போட்டேன்.