விரல் படாத நிழல்

எங்கள் சித்திர அறையில் ஒரேயொரு சட்டம்தான் கடுமையானது: பென்சிலால் கீறிய இடத்தை விரலால் தேய்க்கக்கூடாது. பிந்தி வரலாம், வாங்கை இழுத்துப் போடலாம், யன்னலோர இடத்துக்குச் சண்டையும் பிடிக்கலாம். சுட்டுவிரல் நுனி கறுத்திருப்பதைக் கண்டாரோ, சித்திர ஆசிரியர் ஒரு வார்த்தை பேசாமல் கொப்பியை வாங்கி, வெறும் பக்கத்தைப் புரட்டி வைத்துவிட்டு அடுத்த வாங்குக்குப் போய்விடுவார். பெயர் எழுதாமல் சித்திர ஆசிரியர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். என் காலத்தில் படித்தவர்களுக்கு அது போதும்.

விளையாட்டுப் போட்டி, விடுதிக் குறும்பு, பரிசளிப்பு விழா பற்றியெல்லாம் இந்தப் பாடசாலை மலரில் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நிழல் கீறப் பழகிய கதையை எழுத வேறு ஒருவரும் வரமாட்டார் என்ற துணிவில் இதை எழுதுகிறேன்.

தேய்த்தால் நிழல் வராமல் இல்லை. ஐந்து நிமிடத்தில் வழுவழுப்பான ஒரு உருண்டை வந்துவிடும். அந்தச் சுலபத்தின்மேல்தான் அவருக்குக் கோபம். தேய்த்த சாம்பல் நிறம் ‘இங்கே இருட்டு’ என்று மட்டும் சொல்லும்; அந்த இடம் தட்டையா, வளைவா, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைச் சொல்லாது. மரக்கட்டையும் துணியும் கன்னமும் ஒரே பொருளால் செய்தவைபோலத் தெரியும்.

நடைமுறைக் காரணம் ஒன்றும் இருந்தது. பாடசாலைச் சஞ்சிகைக்கான படங்களை அப்போது துத்தநாகத் தகட்டில் கோட்டு புளொக் என்ற அச்சுக்கட்டையாகச் செய்துதான் அச்சேற்றுவார்கள். அந்தத் தகட்டுக்குக் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறம் தெரியாது. இடைப்பட்ட சாம்பல் ஒன்றில் காணாமல் போகும், அல்லது கரியாக அப்பிக்கொள்ளும். சாம்பலைச் சாம்பலாகவே அச்சிட, படத்தை நுண்புள்ளிகளாகப் பிரிக்கும் ஹாஃப்டோன் புளொக் வேண்டும். அதற்குச் செலவு கூட. கோடுகளால் கட்டிய நிழலுக்கு அந்தச் சிக்கலே இல்லை. ஒவ்வொரு கோடும் முழுக் கறுப்பு, இடைவெளி முழு வெள்ளை. தகடு இரண்டையும் அப்படியே பிடித்துக்கொள்ளும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் இரண்டையும் கலந்து சாம்பலாக்கிக்கொள்வது கண்ணின் வேலை. ஒரு எச்சரிக்கையும் கூடவே வரும்: அச்சில் படம் சிறிதாகும், ஆகவே இடைவெளிகளைத் தாராளமாக விடவேண்டும், இல்லையென்றால் மை நிரம்பி அடைத்துவிடும்.

சமாந்தரமாகக் கோடுகளை அடுக்கி நிழலிடுவது ஹட்சிங். அதன்மேல் வேறு கோணத்தில் இன்னொரு அடுக்குப் போட்டால் குரொஸ் ஹட்சிங். வகுப்பில் எங்களுக்கு அவை சாய்கோடும் குறுக்குக்கோடும்.

முதல் பயிற்சி அலுப்பின் உச்சம். ஒரு நீள்பட்டியை ஐந்து கட்டமாகப் பிரிக்கவேண்டும். முதலாவது வெறும் தாள், கடைசி கிட்டத்தட்டக் கறுப்பு. நடுவிலுள்ள மூன்றையும் இடைவெளியை மட்டும் மாற்றிப் படிப்படியாக ஏற்றவேண்டும். அழுத்தம் கூடக்கூடாது, குறையவும் கூடாது. அது சரிவந்த பிறகு இன்னொரு பட்டி: இடைவெளி மாறாது, கோட்டின் தடிப்பு மட்டும் மாறும். இரண்டையும் ஏன் பிரித்துப் பழக்கினார் என்பது பேனையை எடுத்தபோதுதான் விளங்கியது. தொட்டெழுதும் பேனையின் நிப், அழுத்தினால் விரிந்து தடிப்பான கோடு தரும். இப்போது கடையில் கிடைக்கும் ஃபைன்லைனர் என்ற மெல்லிய நுனிப் பேனை எவ்வளவு அழுத்தினாலும் ஒரே தடிப்புத்தான். அதில் இடைவெளி ஒன்றே துணை. பென்சிலில் இரண்டும் முடியும், அதனாலேயே பழகுபவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்.

கை எப்படி அசையவேண்டும் என்பதற்கு அவர் செலவழித்த நேரம் கொஞ்சநஞ்சமல்ல. மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு இழுத்தால் கோடு வில்லாக வளையும், ஏனென்றால் மணிக்கட்டு ஒரு சுழல்மையம். குட்டைக் கோட்டுக்கு அது பரவாயில்லை. நீளக் கோடு முழங்கையிலிருந்து வரவேண்டும். கோணம் மாறினால் கையை முறுக்காமல் தாளைத் திருப்பவேண்டும். அவர் வகுப்பில் எல்லாக் கொப்பிகளும் மேசைமேல் கோணல்மாணலாகக் கிடந்ததற்கு அதுதான் காரணம். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் எட்டிப் பார்த்து, ஒழுங்காக வைத்துக் கீறச் சொல்லிவிட்டுப் போனது நினைவிருக்கிறது. ஒருவரும் கேட்கவில்லை.

கோட்டின் தொடக்கமும் முடிவும் ஒன்றல்ல. பேனை தாளில் பதியும் இடம் சற்றுத் தடிப்பாகவும், விசையோடு எடுபடும் இடம் மெலிந்தும் இருக்கும். ஆகவே தலையை இருட்டுப் பக்கம் வைத்து, வாலை வெளிச்சத்தின் பக்கம் விடவேண்டும். நிழல் தானாகவே கரைந்து முடியும். அவசரத்தில் இழுத்தால் வால் கொக்கிபோல் மடங்கும். ஆசிரியர் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டது அதிகமும் அந்தக் கொக்கிகளைத்தான். பெரிய பரப்பை ஒரே இழுப்பில் நிரப்ப முடியாது, கட்டுக் கட்டாகத்தான் போகவேண்டும். ஒரு கட்டு முடியும் வரம்பில் அடுத்ததைத் தொடங்கினால் இரண்டும் ஏறி, நடுவே தையல் போட்டதுபோல் ஒரு கறுப்பு வரி விழும். கோட்டு நுனிகளைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் விட்டு, அடுத்த கட்டை அந்த இடுக்குகளுக்குள் நுழைத்தால் வரி தெரியாது. எந்தப் பயிற்சிப் புத்தகமும் இதை வலியுறுத்தி நான் கண்டதில்லை. என் கணக்கில், தொடங்குபவருக்கு மிக அவசியமானது இதுதான்.

எங்கள் வகுப்பில் ஒருவன் இடக்கையன். மற்ற எல்லோருடைய கோடும் வலது மேலிருந்து இடது கீழே சாய, அவனுடையது மாத்திரம் மறுபக்கம் சாய்ந்தது. அவன் எங்களைப் பார்த்துத் தன் கோட்டைத் திருப்பப் பாடுபட்டபோது ஆசிரியர், “தம்பி, நீர் உம்முடைய பக்கமே சாயும். லியொனார்டோவும் அந்தப் பக்கம்தான்” என்றார். வகுப்பைச் சமாளிக்கச் சொன்ன ஆறுதல் என்று அன்று நினைத்தோம். உண்மையாகவே லியொனார்டோ டாவின்சி இடக்கையர்; அவருடைய சாய்கோடுகள் இடது மேலிருந்து வலது கீழாக ஓடுகின்றன. ஒரு வரைபடம் அவர் கையால் ஆனதா, சீடர்களுடையதா என்று ஆராய்பவர்கள் இன்றைக்கும் முதலில் பார்க்கும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. நண்பன் பிற்காலத்தில் சித்திரத்தையே விட்டுவிட்டான், ஆனால் இந்தக் கதையை எவரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

அடுத்துத் திசை. பாடத்தின் நடுமையம் இதுதான் என்பேன். ஒரு பெட்டியை வைத்து, அதன் மூன்று முகங்களுக்கும் மூன்று திசையில் கோடு போடச் சொன்னார். மூன்றுக்கும் ஒரே அளவு கருமை. வெளிச்ச வேறுபாடே இல்லாமல், திசை வேறுபாட்டால் மட்டும் பெட்டி எழுந்து நின்றது. பிறகு ஒரு சாடி. அதன் வயிற்றுப் பகுதியில் கோடு நேராக ஓடினால் தட்டையான பலகை. பரப்பைச் சுற்றி வளைந்து ஓடினால் உருண்டை. எந்தப் பக்கம் வளையவேண்டும் என்பது கண்மட்டத்தைப் பொறுத்தது. கண்ணுக்குக் கீழே இருக்கும் சாடியில் வளைவின் வயிறு கீழ்நோக்கி இருக்கும்; அதே சாடியை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தால் வளைவு மேல்நோக்கித் திரும்பும். அவர் வாயால் விளக்காமல் சாடியைக் கீழே வைத்தும் மேலே தூக்கியும் காட்டினார். சுண்ணக்கட்டியால் அதன்மேல் வளையங்கள் கீறியிருந்ததால் திரும்புவது பளிச்சென்று தெரிந்தது.

இவ்வளவும் முடிந்து நெடுநாள் ஆகியும் குறுக்குக்கோட்டுக்கு அனுமதி வரவில்லை. கேட்டால், “முதலாம் அடுக்கால் சொல்ல ஏலாத ஒன்று இருந்தால் கொண்டுவாரும்” என்பார். இதில் நான் இன்றும் அவர் பக்கம். இப்போது பழகுபவர்கள் முதல் நாளே குறுக்கும் நெடுக்கும் இழுக்கத் தொடங்குகிறார்கள். இரண்டாம் அடுக்கு கருமையைக் கூட்டும், சந்தேகமில்லை. ஆனால் முதல் அடுக்கு திசையால் சொன்னதைப் பாதி அழித்தும் விடும். இருளை மட்டும் கூட்டவேண்டுமென்றால் கோடுகளுக்கு இடையில் இன்னொரு கோடு போட்டாலே போதும்.

அனுமதி வந்த பிறகு கோணம் பற்றிய பாடம். செங்கோணத்தில் வெட்டினால் சதுரக் கண்கள் விழுந்து, கண் நிழலைப் பார்க்காமல் வலையைப் பார்க்கும். மிகச் சிறிய கோணத்தில் வெட்டினால் நாம் கீறாத அலைபோன்ற கோலங்கள் கண்ணில் எழும். இடைப்பட்ட குறுங்கோணத்தில், ஏறக்குறைய முப்பது பாகையில், நீண்ட சாய்சதுரக் கண்கள் வந்து நிழல் ஒரு பக்கமாக ஓடும். மையென்றால் முதல் அடுக்குக் காயும்வரை காத்திருக்கவேண்டும். ஈரத்தில் குறுக்கே போனால் சந்திகளில் எல்லாம் மை திரளும். பேனையை எப்போதும் இழுக்கவேண்டும், தள்ளினால் நிப் தாளின் நாரில் மாட்டித் தெறிக்கும். எங்கே குறுக்கிடுவது என்பதற்கும் வரம்பு உண்டு: உருண்டையில் வெளிச்சம் முடிந்து திரும்பும் இடத்திலுள்ள கடும் நிழல், பொருளின் அடியில் தரையில் விழும் நிழல். தரையிலிருந்து தெறித்து விளிம்பில் படும் மங்கல் வெளிச்சத்தில் கைவைக்கக்கூடாது. வைத்தால் உருண்டை தட்டையாகிவிடும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் இந்தப் பிரிவுகள் தெரியும். தேர்வு மண்டபத்தில் எங்கள் வகுப்பு முழுவதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருந்ததைப் பார்த்த மேற்பார்வையாளர் என்ன நினைத்தாரோ.

ஆசிரியரிடம் அட்டையில் ஒட்டிய படங்கள் ஒரு கட்டு இருந்தன. ஜெர்மானிய ஓவியர் அல்பிரெக்ட் டியூரர் 1514இல் செப்புத் தகட்டில் செதுக்கிய புனித ஜெரோம் அதில் ஒன்று. அறைக்குள் முனிவர் எழுதிக்கொண்டிருக்கிறார், முன்னால் சிங்கமும் நாயும் படுத்திருக்கின்றன. யன்னல் கண்ணாடியின் வட்டங்கள் பக்கச் சுவரில் ஒளியும் நிழலுமாக விழுந்திருக்கும். அதில் சாம்பல் என்று ஒரு பொட்டும் இல்லை, எல்லாம் கோடு. டியூரர் தந்தையின் பொற்பட்டறையில் தொழில் பழகியவர். செதுக்குளி அவருக்குப் புதிதல்ல. அவருக்கு முன்னோடியான மார்ட்டின் ஷோன்கவரும் பொற்கொல்லர் மகன். உருவத்தைச் சுற்றி வளையும் கோட்டைச் செப்புத்தகட்டில் வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர். அவரைச் சந்திக்க டியூரர் 1492இல் கொல்மார் நகருக்குப் போனபோது அவர் இறந்துவிட்டிருந்தார். இந்த இடத்தைச் சொல்லும்போது ஆசிரியரின் குரல் கொஞ்சம் இறங்கும்.

குறுக்குக்கோடு இல்லாமல் முகம் கீறவே ஏலாது என்று யாரோ வாதாடிய அன்று அவர் வேறொரு அட்டையை எடுத்தார். பிரெஞ்சுச் செதுக்குக் கலைஞர் குளோட் மெலான் 1649இல் செதுக்கிய கிறிஸ்துவின் முகம். மூக்கு நுனியில் தொடங்கும் ஒரே கோடு சுருள்சுருளாகச் சுற்றிப் படம் முழுவதும் போகிறது. எங்கும் வெட்டிக்கொள்வதில்லை. கோடு தடிக்கும் இடத்தில் நிழல், மெலியும் இடத்தில் வெளிச்சம். வாதம் அத்தோடு முடிந்தது. படம் என்னைக் கவர்ந்ததைவிட வித்தைதான் கவர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். டியூரரின் அறைக்குள் எவ்வளவு நேரமும் இருக்கலாம், மெலானின் சுருளை ஒருமுறை வியந்தால் போதும்.

புலம்பெயர்ந்த பிறகு இந்தப் படங்களில் சிலவற்றின் அசல் அச்சுகளைப் பார்க்கக் கிடைத்தது. தாளில் உள்ளவை ஒளிபட்டால் கெடும் என்பதால் பெரிய அருங்காட்சியகங்கள் அவற்றை எப்போதும் சுவரில் மாட்டிவைப்பதில்லை. அச்சுப்படங்களுக்கென்று தனிப் பார்வை அறை இருக்கும் இடங்களில், முன்கூட்டிக் கேட்டால் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைக்கிறார்கள். ஒல்லாந்து ஓவியர் றெம்பிரான்ட் 1653இல் செப்புத் தகட்டில் செய்த ‘மூன்று சிலுவைகள்’ அச்சுப்படத்தை அப்படித்தான் பார்த்தேன். அவருடைய கோட்டில் எங்கள் ஆசிரியர் கேட்ட ஒழுங்கு எதுவும் கிடையாது. நீண்ட நேர்கோடுகள் வானத்திலிருந்து கொட்டுகின்றன. பின்னாளில் அதே தகட்டைத் திரும்பக் கீறி, அரைவாசிக் கூட்டத்தை இருட்டில் அமுக்கியிருக்கிறார். பிரெஞ்சு ஓவியர் ஜோர்ஜ் சேராவோ சொரசொரப்பான தாளில் கொன்டே கிரயோன் என்ற கறுப்புக் கட்டியால், கோடே கண்ணில் படாமல் நிழல் செய்தவர். ஆசிரியரின் சட்டம் பழகுபவர்களுக்கானது, கலைக்கானதல்ல. அவருக்கும் அது தெரிந்திருக்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் அதைச் சொல்லாமல் விட்டது கெட்டித்தனம்.

அந்த அட்டைகள் ஆசிரியர் ஓய்வுபெற்றபோது பலர் கைக்குப் பிரிந்து போயின. இதை வாசிப்பவர்களில் யாரிடமாவது ஒன்றிரண்டு இருந்தால், அல்லது அவர் கீறிக்காட்டிய பயிற்சித் தாள் பழைய கொப்பிக்குள் அகப்பட்டால், அடுத்த மலருக்காகக் குழுவுக்கு அனுப்புங்கள். கைபேசியில் படம் எடுத்து அனுப்பவேண்டாம். நெருங்கிய கோடுகள் திரையில் அலையாகக் குழம்பும். ஸ்கானரில் குறைந்தது 600 டிபிஐ வைத்து எடுங்கள், அளவைச் சுருக்காதீர்கள். அட்டை வளைந்திருந்தால் கண்ணாடிமேல் வைத்து அழுத்தவேண்டாம், பழைய பசை விட்டுவிடும்.