தள்ளும் விசை எங்கே விழுகிறது?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் தமிழ் வழியில் படித்த நமக்கு நியூட்டனின் மூன்றாம் விதி மனப்பாடம். ‘ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு’ என்று பலகையில் எழுதி, எடுத்துக்காட்டாக ஜெட் விமானத்தைச் சொன்னதோடு நம் பிசிக்ஸ் சார் விடமாட்டார். “பின்னால போற காத்து எதைத் தள்ளுது?” என்று கேட்பார். “வெளியில இருக்கிற காத்தை சார்” என்று பாதி வகுப்பு சொல்லும். “இல்லை. எஞ்சினுக்குள்ளே எந்த இடத்துல விசை விழுது, யோசிங்க” என்பார். விமானப் பராமரிப்பில் இருக்கும் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து அந்தக் கேள்விக்கு இங்கே விடை எழுதுகிறோம்.

மார்கழியில் கிழக்குக் காற்று பாலக்காட்டுக் கணவாயில் நுழையும்போது சித்தூர்ப் பனைகள் படும் பாடு நமக்குத் தெரியும். மலைகளுக்கு நடுவே சுமார் 30 கிலோமீட்டர் இடைவெளியில் ஒடுங்குவதால் அதன் வேகம் கூடுகிறது. எஞ்சினின் பின்முனையில் உள்ள நாசிலும் அப்படி ஒடுங்கியே வேகத்தைக் கூட்டுகிறது. ஆனால் ஒடுக்கம் புதிதாக ஆற்றல் எதையும் தராது. அழுத்தமாக இருப்பதை வேகமாக மாற்றும், அவ்வளவே. அழுத்தத்தை முதலில் உண்டாக்கியாக வேண்டும். எஞ்சினின் முன்பாதி முழுவதும் அந்த வேலைக்காகத்தான்.

போயிங் 737-800 விமானத்தில் உள்ள சிஎஃப்எம் 56-7பி எஞ்சினைப் பாருங்கள். முன்னால் 24 இறக்கைகள் (பிளேடுகள்) கொண்ட, 1.55 மீட்டர் விட்டமுள்ள ஃபேன். அது இழுக்கும் காற்றில் ஐந்து பங்குக்குச் சற்று மேல் வெளிவளையம் வழியாக நேரே பின்னால் போய்விடும். ஒரு பங்கு மட்டும் உள்ளே நுழைந்து, காற்றை அமுக்கும் 3 படி தாழ்அழுத்தக் கம்ப்ரசரையும் 9 படி உயர்அழுத்தக் கம்ப்ரசரையும் கடக்கும். வெளியே வரும்போது அழுத்தம் ஏறத்தாழ 30 மடங்கு. அமுக்கியதாலேயே சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். எரியறையில் எரிபொருள் சேர்ந்து எரிகிறது. அந்த வாயு முதலில் ஒரு படி டர்பைனைச் சுழற்றி உயர்அழுத்தக் கம்ப்ரசரை ஓட்டும், அடுத்து 4 படி டர்பைனைச் சுழற்றி ஃபேனையும் தாழ்அழுத்தக் கம்ப்ரசரையும் ஓட்டும்.

கணக்கு எளிது. நொடிக்கு 350 கிலோ காற்றை, நின்ற நிலையிலிருந்து சராசரியாக நொடிக்கு 300 மீட்டர் வேகத்துக்குத் தள்ளினால் 1,05,000 நியூட்டன், அதாவது சுமார் 10.7 டன் எடைக்குச் சமமான விசை. இதில் பெரும்பங்கு ஃபேன் காற்றுடையது. நிறையக் காற்றைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளுவதே சிக்கனம். விமானம் நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் பறக்கும்போது எஞ்சினிலிருந்து வெளியேறும் காற்று 500 மீட்டரில் போனால் உந்துதிறன் (காற்றுக்குக் கொடுத்த ஆற்றலில் விமானத்தை நகர்த்தப் பயன்படும் பங்கு) 67 சதவீதம். 350 மீட்டரில் போனால் 83 சதவீதம்.

இனி சாரின் கேள்வி. ஃபேன் இல்லாத பழைய டர்போஜெட் ஒன்றின் பகுப்பு அதற்கு நல்ல விடை தருகிறது. கம்ப்ரசர் 8.6 டன் முன்னோக்கித் தள்ளுகிறது. அதை அடுத்து விரியும் பாதை 1 டன். எரியறை 15.5 டன். டர்பைனுக்குப் பின்னுள்ள கூம்புக் குழாய் 1.1 டன். எல்லாம் சேர்ந்து 26.2 டன். டர்பைனோ 18.6 டன் பின்னோக்கி இழுக்கிறது. விசை பிறக்கும் இடம் என்று நாம் நினைக்கும் நாசிலும் 2.5 டன் பின்னோக்கியே இழுக்கிறது! மிஞ்சுவது 5 டன் சொச்சம். அதுதான் உந்துவிசை. இழுத்தாலும் நாசில் இருந்தே ஆக வேண்டும். அது ஒடுங்கி நிற்பதால்தான் முன்னால் உள்ள அறைகளில் அழுத்தம் நிலைக்கிறது. கம்ப்ரசரும் டர்பைனும் ஒரே தண்டில் எதிரெதிராக இழுப்பதால் பெரும்பகுதி கழிந்துவிடும். மீதியைத் தாங்குவது ஒரு பால் பேரிங். அங்கிருந்து கேசிங், தாங்குதண்டுகள், பைலன் (எஞ்சினைத் தாங்கும் தொங்கல்) வழியாக விசை விமானத்தின் இறக்கைக்குப் போய்ச் சேரும்.

மீண்டும் 737 எஞ்சினுக்கு வருவோம். ஸ்டார்ட் செய்யும்போதுதான் பல கோளாறுகள் தலைகாட்டும். ஏபியூ (வாலில் உள்ள சிறு துணை எஞ்சின்) தரும் காற்றால் ஸ்டார்ட்டர் சுழன்று, உயர்அழுத்தத் தண்டின் வேகம் 25 சதவீதத்தை எட்டியதும் எரிபொருளைத் திறக்கிறார்கள். 10 நொடிக்குள் வெளிவாயு (எரிந்து வெளியேறும் வாயு) வெப்பம் ஏறாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். ஏறும் வெப்பமும் 725 டிகிரியைத் தாண்டக்கூடாது. ஏபியூ காற்றில் அழுத்தம் குறைந்தாலோ வால் பக்கம் பலத்த காற்று அடித்தாலோ தண்டு மெதுவாகச் சுற்றும். எரிபொருள் மட்டும் குறையாமல் வரும். குளிர்விக்கப் போதிய காற்று இல்லாமல் டர்பைன் வேகும். அப்போது எரிபொருளை அடைத்துவிட்டு 60 நொடி வெறுமனே சுழற்றிச் சூட்டை வெளியேற்றுவார்கள்.

சர்ஜ் வேறு வகை. கம்ப்ரசர் இறக்கையில் காற்று மோதும் கோணம் மிகும்போது ஓட்டம் பிய்ந்துபோய், பின்னால் அமுங்கியிருந்த காற்று முன்பக்கமாக வெடித்து வரும். பெரிய சத்தம், சில சமயம் எஞ்சினின் முன்பக்கத்திலேயே தீப்பிழம்பு. பறவை மோதல், அழுக்கு, தேய்ந்த இறக்கைமுனை, கோணம் மாற்றும் நிலையிறக்கைகளின் (தண்டோடு சுழலாத இறக்கைகளின்) இணைப்புத் தேய்வு ஆகியவை வழக்கமான காரணங்கள்.

வளைகுடாவில் வேலை செய்பவர்கள் அன்றாடம் பார்ப்பது மணல்தூசி. அது கம்ப்ரசர் இறக்கையை அரிக்கும். எரியறையில் உருகி டர்பைன் இறக்கைகளில் கண்ணாடிபோல் படியும். குளிர்காற்றுத் துளைகளை அடைக்கும். சுற்றியுள்ள வாயு அந்த உலோகம் உருகும் சூட்டையும் தாண்டியது. துளை அடைத்த இறக்கை அதிக நாள் தாங்காது. வெயிலும் சேர்ந்துகொள்ளும்: 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரிக் காற்றின் அடர்த்தி 8 சதவீதம் குறைவு.

படிந்த தூசியைப் போக்க, எரிபொருளை எரிக்காமல் எஞ்சினைச் சுழலவிட்டு, உள்ளே நீர் பீச்சிக் கழுவுகிறார்கள். கழுவியபின் அதே உந்துவிசைக்கு வெளிவாயு வெப்பம் சில டிகிரி இறங்கினால் போனது அழுக்கு. இறங்காவிட்டால் தேய்மானம், போரோஸ்கோப்பை (மெல்லிய குழாய்க் கேமராவை) உள்ளே விட்டு, இறக்கை இறக்கையாகப் பார்த்தாக வேண்டும்.